மல்லாவி மாமாவின் மேசை மைக்

குழு: எங்கட வீட்டார்

வெள்ளி

மல்லாவி மாமா: [படம்]
மல்லாவி மாமா: பிள்ளையள், மேசை மைக் வந்திட்டுது. கென்வூட். பாவிச்சது தான், ஆனால் நல்லா வைச்சிருந்திருக்கினம். என்ர அமெச்சூர் றேடியோவுக்கு (கேக்கவும் அனுப்பவும் ஏலுமானது) பூட்ட எண்டு ஒரு அடப்டரும் சேத்து எடுத்தனான். கொழுவி அமத்திப் பாத்தன், ஒண்டும் நடக்கேல்ல. கைமைக்கைத் திருப்பிக் கொழுவினால் முன்னைய மாதிரி வேலை செய்யுது.

அக்கா (வவுனியா): மைக் பழுதோ மாமா?

கனடாச் சித்தப்பா: மச்சான், றேடியோவை நிப்பாட்டிப்போட்டு அந்த அடப்டரைக் கழட்டி வையுங்கோ. திரும்பக் கொழுவ வேண்டாம்.

மல்லாவி மாமா: கழட்டியாச்சு. என்ன விஷயம்?

கனடாச் சித்தப்பா: பிளக் உள்ள போகுது எண்டதுக்காக வயர் பொருந்தும் எண்டு நம்பேலாது. உங்கட யாயேசு எஃப்ரி-857டி காருக்குள்ள வைக்கிற றேடியோ, அதால முன்னுக்கு இடமில்லாமல் லான் வயர் கொழுவிற மாதிரிச் சின்ன ஆர்ஜே45 ஓட்டை வைச்சிருக்கிறாங்கள். அதே ஓட்டையை ஐகொம் கொம்பனிக்காரனும் வைக்கிறான், கென்வூட்டும் வைக்கிறான். உள்ளுக்க ஒவ்வொருத்தனுக்கும் ஒவ்வொரு ஒழுங்கு. மேசை மைக்கில இருக்கிற எட்டுப் பின் உருண்டைப் பிளக்கும் அப்பிடித்தான். கென்வூட்டில 1ஆம் பின் மைக். ஐகொமிலயும் 1 மைக் தான். ஆனால் கென்வூட்டில 2 பி.ரி.ரி (அமத்திக் கதைக்கிற பட்டன்), ஐகொமில அந்த 2இல 8 வோல்ற் நிக்கும். யாயேசுவின்ர உருண்டைப் பிளக்கில மைக் 8ஆம் பின்னுக்குப் போட்டுது. மாறிக் கொழுவினால் சிலநேரம் சும்மா இருக்கும், சிலநேரம் றேடியோவுக்குள்ள ஒரு சின்னச் சாமான் கருகும்.

மாமி: ஐயோ, காசு குடுத்து வாங்கின சாமான். கவனமாப் பாருங்கோ.

கனடாச் சித்தப்பா: ஒண்டும் ஆகேல்ல அக்கா, கைமைக் வேலை செய்யுது தானே. தம்பி, நாளைக்கு மல்லாவிக்குப் போவியோ?

நான்: போறன் சித்தப்பா. மீற்றரும் சோல்டர் ஐயனும் கொண்டு போறன்.

அக்கா (வவுனியா): எனக்கு ஒண்டு விளங்கேல்ல மாமா. கைமைக் நல்லாத்தானே இருக்கு, பிறகென்னத்துக்கு இவ்வளவு மினைக்கெடுறியள்?

மல்லாவி மாமா: என்ர வலக்கை உனக்குத் தெரியும் தானே பிள்ளை. மிச்சமிருக்கிற ரெண்டு விரலால கைமைக்கைப் பிடிச்சு அமத்திக்கொண்டு கதைக்கேக்க, கொஞ்ச நேரத்தில மணிக்கட்டு விறைச்சுப் போகுது. இடக்கையால பிடிச்சால் எழுதேலாது. ஆர் கதைச்சது, எத்தினை மணி, என்ன அலைவரிசை எண்டு பதிய வேணும். மேசையில மைக் நிண்டால் ஒருக்கா அமத்திப்போட்டு இடக்கையால எழுதலாம்.

அக்கா (வவுனியா): ஓம் மாமா. அதை நான் யோசிக்கேல்ல. தம்பி, என்னட்ட கவசம் போட்ட லான் வயர் கிடக்கு, ரெண்டு மீற்றர். காலமை மாங்குளம் போற பஸ்ஸில குடுத்து விடுறன், சந்தியில வாங்கு. புதுசா முனை அடிக்காத. கொம்பனியில அடிச்ச முனை தான் இறுக்கமா நிக்கும். நடுவில வெட்டி ஒரு பக்கத்தைப் பாவி.

கனடாச் சித்தப்பா: கெட்டிக்காரி. அது தான் சரியான வழி.

சனி

நான்: மாமா வீட்டில நிக்கிறன். முதல்ல அந்த அடப்டரை, தொடுப்பு இருந்தால் சத்தம் போடுற மாதிரி மீற்றரை வைச்சுப் பாத்தன். உருண்டைப் பக்கத்து 1, மற்றப் பக்கம் 6க்குப் போகுது. 2 போகுது 4க்கு. 7 போகுது 5க்கு.

கனடாச் சித்தப்பா: அது ஐகொம் றேடியோவுக்குச் செய்த அடப்டர். அவங்களுக்கு 4 பி.ரி.ரி, 5 மைக் பூமி (எர்த்), 6 மைக். மாமாவின்ர றேடியோவுக்கு 4 மைக் பூமி, 5 மைக், 6 பி.ரி.ரி. மச்சான் பட்டனை அமத்தினது போய்ச் சேந்தது மைக் பூமிக்கு. பிறகெப்பிடி றேடியோ அனுப்பும்?

மல்லாவி மாமா: அப்ப மைக் பழுதில்லை!

கனடாச் சித்தப்பா: அதையும் பாத்திடுவம். தம்பி, மைக்கின்ர அடியில இருக்கிற அம்ப்ளிபயர் சுவிச்சை நிப்பாட்டு. பி.ரி.ரி பட்டனை அமத்திப் பிடிச்சுக்கொண்டு உருண்டைப் பிளக்கில 1க்கும் 7க்கும் இடையில தடை எத்தினை ஓம் எண்டு பார்.

நான்: 560 ஓம் மட்டில காட்டுது. மீற்றர் முனை தொடேக்க மைக்குக்குள்ள "டிக்" எண்டு கேக்குது.

கனடாச் சித்தப்பா: நல்லது. டைனமிக் மைக். உள்ள சுருளும் காந்தமும் தான், அதுக்கு மின்சாரம் தேவையில்லை. இந்த றேடியோ எதிர்பாக்கிறதும் 600 ஓம் டைனமிக். இதே மைக்கை ஐகொமுக்குப் பூட்டுறதெண்டால் கதை வேற. அவங்கட மைக் வயரிலயே நேர்மின் வரும், மின்சாரம் தேவைப்படுற எலக்ரெற் மைக்குக்காக. டைனமிக்கைப் பூட்டினால் 10 மைக்ரோபரட் கப்பாசிற்றர் ஒண்டை இடையில வைச்சு அதை மறிக்க வேணும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

கனடாச் சித்தப்பா: இனி முக்கியமான வேலை. கொழுவ முதல் எண்ணுற பக்கத்தை உறுதிப்படுத்து. சிலர் ஓட்டையைப் பாத்து எண்ணுவினம், சிலர் பிளக்கைப் பாத்து. எட்டுக் காலைத் தலைகீழா எண்ணினால் 6 இருக்கிற இடத்துக்கு 3 வரும். 3இல தான் 5 வோல்ற். பி.ரி.ரி எண்டு நினைச்சு 5 வோல்ற்றைப் பிடிச்சு வைப்பாய்.
றேடியோ நிக்கட்டும், பவர் வயரையும் கழட்டு. அக்காவின்ர வயரைச் செருகி, வெட்டின பக்கத்தில எட்டையும் ஒண்டையொண்டு தொடாமல் விரிச்சு வை. மீற்றரின்ர ஒரு முனையை றேடியோவின்ர இரும்பு உடம்பில பிடி. மற்ற முனையால ஒவ்வொரு வயராத் தொடு. எதெது சத்தம் போடுது?

அக்கா (வவுனியா): அந்த வயர் பி எண்ட நிற ஒழுங்கு தம்பி. பொன் தகடு மேல, கொழுக்கி கீழ, வயர் உன்ர பக்கம், இடமிருந்து: வெள்ளைச்செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப்பச்சை, நீலம், வெள்ளைநீலம், பச்சை, வெள்ளைமண்ணிறம், மண்ணிறம்.

நான்: நீலமும் வெள்ளைமண்ணிறமும் சத்தம் போடுது. அப்பிடியெண்டால் 4உம் 7உம்.

கனடாச் சித்தப்பா: சரியான பக்கம். மாறி எண்ணியிருந்தால் 5உம் 2உம் எல்லோ சத்தம் போட்டிருக்கும். ஒரு வயரும் சூடாகாமல் உண்மை தெரிஞ்சிட்டுது.

அக்கா (வவுனியா): சித்தப்பா, மைக்கும் மைக் பூமியும் 4, 5 எண்டால் அது நீலச் சோடி. ரெண்டும் ஒண்டோடொண்டு முறுக்கின வயர்.

கனடாச் சித்தப்பா: அது தான் எனக்கும் சந்தோசம் பிள்ளை. மைக்கில வாறது மில்லிவோல்ற் அளவு. முறுக்கின சோடியில போனால் வெளிச்சத்தம் ரெண்டு வயரிலயும் ஒரே மாதிரி விழும், அதால இரைச்சல் குறையும்.
தம்பி, பழைய அடப்டரில இருக்கிற உருண்டைச் சொக்கற்றைக் கழட்டி அதிலயே ஈயம் வை. நாலு வயர் போதும்:
உருண்டை 1, வெள்ளைநீலம்.
உருண்டை 7, நீலம்.
உருண்டை 2, பச்சை.
உருண்டை 8, வெள்ளைமண்ணிறம்.
உருண்டை 5இல மைக்கின்ர அம்ப்ளிபயருக்குக் கென்வூட் 8 வோல்ற் குடுக்கிறவன். இஞ்ச 5 வோல்ற் தான் கிடக்கு. அதை விடு. வெள்ளைப்பச்சையின்ர முனையைத் தனிய மூடிக் கட்டு. கவசத்தைச் சொக்கற்றின்ர இரும்போட மட்டும் பிடி. 7ஐயும் 8ஐயும் மைக் பக்கத்தில சேத்து முறுக்க வேண்டாம், "ம்ம்ம்" எண்டு இரையும்.

நான்: அலைவரிசையை மேல கீழ மாத்திற பட்டன்?

கனடாச் சித்தப்பா: அது உருண்டையில 3உம் 4உம். இப்ப வேண்டாம். முதல்ல குரல்.

மாமி: சாப்பாடு போட்டாச்சு. ஈயப் புகையோட இருந்து சாப்பிடேலாது, வெளியில வரச் சொல்லுங்கோ ரெண்டு பேரையும்.

சனி, பின்னேரம்

நான்: ஈயம் வைச்சு முடிஞ்சுது. அன்ரனாவுக்குப் பதிலா டம்மி லோட்டில (அலையை வெளியில விடாத சாமான்) போட்டு 5 வாட்டில அமத்தினம். சிவப்பு லைற் எரியுது! விட்டால் பச்சை.

மல்லாவி மாமா: [குரல் பதிவு 0:22]

கனடாச் சித்தப்பா: குரல் தெளிவா இருக்கு மச்சான், ஆனால் அடிக்குரல் கூட, மைக்குக்குக் கிட்ட இருக்கிறியள். ஒரு சாண் தள்ளி இருங்கோ. மைக் கெயினை 50இலயிருந்து 40க்குக் குறையுங்கோ. றேடியோவில இருக்கிற மீற்றரை ஏ.எல்.சிக்கு (குரல் கூடினால் தானாக் குறைக்கிறது) மாத்தி, சத்தமாக் கதைக்கேக்க மட்டும் அசையிற மாதிரி வையுங்கோ. கம்ப்ரெசரை இப்ப தொட வேண்டாம்.

நான்: இப்ப நல்லாக் கிடக்கு. அன்ரனாவுக்கு மாத்தி 50 வாட் விட்டால் பக்கத்து அறை றேடியோவில மாமாவின்ர குரல் கரகரக்குது. 5 வாட்டில இல்லை.

கனடாச் சித்தப்பா: அலை திரும்பி மைக் வயருக்குள்ள ஏறுது. 40 மீற்றர் அலைக்கான அன்ரனாவின்ர ஒரு முனை வீட்டுக்குக் கிட்டவோ?

மல்லாவி மாமா: ஓம் மச்சான். நடு பனையில, ஒரு கால் வேலியோரம், மற்றக் கால் இந்த அறைக்கு மேலால போய்க் குசினிக் கூரையில கட்டிக்கிடக்கு.

கனடாச் சித்தப்பா: அப்ப மேசைக்கு நேர மேல கிடக்கு. நாளைக்கு அந்தக் காலைக் கிணத்தடிப் பக்கம் திருப்புங்கோ. இப்ப, பழைய கொம்பியூட்டர் மொனிற்றர் வயரில ஒரு கறுப்பு உருண்டை இருக்குமெல்லோ, அது பெரைற். உடைச்சு எடுத்து, மைக் வயரை றேடியோவுக்குக் கிட்ட அதுக்குள்ளால ரெண்டு மூண்டு சுத்து விடு. அதோட சொக்கற்றுக்குள்ள 1க்கும் 7க்கும் இடையில 102 எண்டு எழுதின செராமிக் கப்பாசிற்றர் ஒண்டு வை. 1000 பிக்கோபரட். குரலுக்கு ஒண்டும் செய்யாது, அலையைப் பூமிக்கு இறக்கும்.

நான்: மொனிற்றர் வயர் இஞ்ச கிடக்கு. கப்பாசிற்றர் பழைய ரீவி போர்ட்டில இருந்து கழட்டுறன்.

அக்கா (வவுனியா): மாமா, அயலில ஆரும் கேள்வி கேக்கேல்லையோ? பனையில வயர், வீட்டில அனுப்பிற பெட்டி...

மாமி: கேட்டவை. தொலைத்தொடர்பு ஆணைக்குழு தந்த லைசன்ஸைப் பிரேம் போட்டு முன் விறாந்தையில கொழுவி வைச்சிருக்கிறன். வாறவை எல்லாருக்கும் அதைத்தான் முதல்ல காட்டுறது.

மல்லாவி மாமா: பிள்ளை, நாங்கள் பற்றறி இல்லாத காலத்தில சைக்கிள் டைனமோவைச் சுத்திச் செய்தி கேட்ட ஆக்கள். கேக்க மட்டும் தான் முடிஞ்சுது. 2004 மார்கழி 26, சுனாமி அடிச்ச அண்டு பின்னேரம், முல்லைத்தீவுக்குப் போன எங்கட ஆக்களைத் தேடி நான் எத்தினை இடம் அலைஞ்சனான் எண்டு உங்கட அம்மாவுக்குத் தெரியும். விசாரிக்க ஒரு வழி இல்லை. அந்த நாள்களில அம்பாந்தோட்டையில போன் விழுந்து போக, 4எஸ்7விகே எண்ட அழைப்புக்குறியுள்ள விக்டர் குணத்திலக்கவும் அவற்ற ஆக்களும் சிற்றலையில தான் கொழும்போட தொடர்பு எடுத்துக் குடுத்தவை. அதைப் பிறகு வாசிச்ச நாளில இருந்து எனக்கு இந்த ஆசை. லைசன்ஸ் எடுத்ததும் அதுக்குத்தான். இந்தப் பக்கத்தில ஒரு நிலையமாவது எழும்பி நிக்க வேணும்.

கனடாச் சித்தப்பா: நிக்கும் மச்சான்.

அக்கா (வவுனியா): எனக்கு இது தெரியாது மாமா. வெள்ளத்துக்கு லைனெல்லாம் விழுந்தால் நான் ஆரைக் கேக்கிறதெண்டு இனித் தெரியும்.

நான்: கப்பாசிற்றரும் உருண்டையும் போட்டாச்சு. 50 வாட்டில கரகரப்புப் பெரும்பாலும் போட்டுது. கொஞ்சம் மிச்சம் இருக்கு, அன்ரனாக் காலைத் திருப்பினால் அதுவும் போகும் போல.

மல்லாவி மாமா: [குரல் பதிவு 1:06]
மல்லாவி மாமா: கேட்டியளோ! தமிழ்நாட்டு வியு2 (இந்திய அழைப்புக்குறி) நிலையம் ஒண்டு. 59, அதாவது தெளிவாயும் பலமாயும் கேக்குது எண்டு சொன்னவர். "புது மைக்கோ, குரல் நல்லா இருக்கு" எண்டு கேட்டவர். நான் சொல்ல முதலே கேட்டவர்! நேரம், அலைவரிசை, பேர், ஊர் எல்லாம் இடக்கையால கதைச்சுக்கொண்டே எழுதிப்போட்டன்.

மாமி: தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடக்கு, ஆள் எழும்புறார் இல்லை. சிரிச்சுக்கொண்டு இருக்கிறார்.

கனடாச் சித்தப்பா: கேட்டன் மச்சான். ரெண்டு தரம் கேட்டன். உங்கட குரல் உங்கட குரலாவே வருது.
ஒரு விஷயம். மேசை மைக்கில பூட்டுற பட்டன் இருக்கு, கை நோகாமல் அதைத்தான் நீங்கள் பாவிக்கப் போறியள். பூட்டினதை மறந்து எழும்பிப் போனால் றேடியோ அனுப்பிக்கொண்டே நிக்கும், அலைவரிசையில வேற ஒருத்தரும் கதைக்கேலாது, பெட்டியும் சூடாகும். தம்பி, மெனுவில டைம்அவுட்டை 3 நிமிஷத்தில வை. மறந்தாலும் தானா நிக்கும்.

நான்: வைச்சிட்டன். பூட்டிப்போட்டு டம்மி லோட்டில விட்டும் பாத்தன், 3 நிமிஷத்தில தானா நிண்டுது. வயர் ஒழுங்கை ஒரு துண்டில எழுதிச் சொக்கற்றுக்குக் கிட்ட ஒட்டியிருக்கிறன். "யாயேசு 857க்கு மட்டும்" எண்டும் எழுதினன்.

கனடாச் சித்தப்பா: அந்த ஒட்டு நல்ல வேலை. நாளைக்கு ஆரும் ஐகொமில கொழுவாமல் இருக்க அது வேணும். துண்டைப் படம் எடுத்து இஞ்சயும் போடு.

நான்: [படம்]

அக்கா (வவுனியா): தம்பி, வயரின்ர மற்றப் பாதி மாமாவிட்டயே இருக்கட்டும், ஒருக்கா அறுந்தால் உதவும். அன்ரனாக் காலைத் திருப்ப நாளைக்குப் பனையில ஏற ஆள் இருக்கோ?

மல்லாவி மாமா: பனையில ஏறத் தேவையில்லை பிள்ளை. நடு அப்பிடியே நிக்கட்டும். கூரையில கட்டின முனையை அவிட்டுக் கிணத்தடிப் பூவரசில கட்டினால் சரி. காலமை வெயிலுக்கு முதல் நானும் தம்பியும் செய்வம்.