எஃப்எம் ரேடியோ பிஎல்எல்: கீழ் அலைவரிசையில் இரைச்சல், உதவுங்கள்

வணக்கம். வெள்ளவத்தையில் இருக்கிறேன். அப்பாவின் பழைய ரேடியோவுக்கு எல்எம்7001 என்ற பிஎல்எல் (அதிர்வெண்ணைக் கிறிஸ்டலோடு ஒப்பிட்டுப் பூட்டி வைக்கும் சுற்று) சிப்பும் 7.2 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டலும் வைத்து டிஜிட்டல் டியூனிங் செய்கிறேன். படி 100 கிலோஹெர்ட்ஸ், ஐஎஃப் (இடைநிலை அதிர்வெண்) 10.7 மெகாஹெர்ட்ஸ்.

100 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் எல்லா நிலையமும் தெளிவு. 90க்குக் கீழே இறங்கினால் பாட்டுக்கு அடியில் ‘ஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல். அங்கே டியூனிங் வோல்டேஜ் (சிப் நிலையத்தைப் பிடிக்கக் கொடுக்கும் மின்னழுத்தம்) 0.9 வோல்ட் தான். வோல்டேஜ் குறையக் குறைய வரிகேப் டயோடு (வோல்டேஜுக்கு ஏற்பக் கொள்ளளவு மாறும் டயோடு) வோல்டேஜின் சிறு அசைவுக்கும் அதிர்வெண்ணை அதிகமாக இழுக்கும், காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

கொயில் சுற்றுகளை நெருக்கினால் வோல்டேஜ் ஏறும். ஆனால் 108 பக்கம் என் 8 வோல்ட் போதுமா? இல்லை, டியூனிங் வோல்டேஜைச் சீராக்கும் லூப் ஃபில்டரின் கபாசிட்டரைப் பெரிதாக்கவா? அப்புறம் நிலையம் மாறும்போது பூட்டத் தாமதமாகுமே. செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். சனிக்கிழமை புறக்கோட்டைக்குப் போகிறேன், தேவையானதை அப்போதே வாங்கிவிடலாம்.