நோசிசெப்ஷன்: ‘வலியுணர்வு’ வேண்டாம், ‘ஊறேற்பு’ ஆகுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் 2015இல் தொடங்கிய வலி ஆய்வுக் கூட்டுமையத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். மூலக்கூறு ஆய்வாளர், மருத்துவர், உளவியலாளர் எனப் பல துறையினரை அங்கே ஒருங்கிணைப்பவர் ரோகிணி குனர். (ஜெர்மனில் இப்பொறுப்பின் பெயருக்கு நேர்ப்பொருள் ‘பேச்சாளர்’. நாம் அப்படி எழுதினால் மேடையும் பொன்னாடையும்தான் நினைவுக்கு வரும்.)

தலைப்பிலேயே சறுக்கிவிட்டேன். மையத்தின் பெயர் ‘நோசிசெப்ஷன் முதல் நாட்பட்ட வலி வரை’ என்று தொடங்குகிறது. (உடலுக்குத் தீங்கு தரக்கூடிய தூண்டலை நரம்புகள் ஏற்றுச் செய்தியாகக் கடத்துவதே நோசிசெப்ஷன்.) முதற்சொல்லுக்கு ‘வலியுணர்வு’ என்று போட்டால், ‘வலியுணர்வு முதல் நாட்பட்ட வலி வரை’ என்றாகிறது. இரண்டும் ஒன்றல்ல என்பதுதான் அந்த ஆய்வின் அடிப்படையே!

மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்யும்போது, கத்தி பட்ட செய்தியை நரம்புகள் கடத்திக்கொண்டுதான் இருக்கின்றன, நோயாளிக்கு வலியில்லை. ஒற்றைத் தலைவலியில் நேர்மாறு. அந்த நேரத்தில் பலருக்குத் தலைவாரினால்கூட வலிக்கும்; சீப்பு யாருக்கும் தீங்கு செய்யவில்லை. 2020இல் பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் வலியின் வரையறையைத் திருத்தியபோதும், இவ்விரண்டும் வேறு வேறு என்று தனிக்குறிப்பாகவே எழுதியது.

‘தீங்குணர்வு’ என்று எளிமையாக வைத்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம்.

‘தீங்கு’ சரி, இடிப்பது ‘உணர்வு’. மயக்கத்தில் கிடப்பவருக்கு ஏது உணர்வு? இதில் உணர்பவர் எவரும் இருக்க வேண்டியதில்லை. நரம்பு செய்தியை ஏற்றால் போதும். ‘ரிசெப்டர்’ என்பதற்கு ‘ஏற்பி’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதையே பிடித்துக்கொள்ளலாம்.

முன்பாதிக்கு ‘ஊறு’. 1906இல் நரம்பியல் அறிஞர் ஷெரிங்டன் தம் நூலில் கையாண்ட சொல்லின் வேர், ‘தீங்கு செய்’ என்னும் பொருளுடைய லத்தீன் வினை. ‘ஊறு விளைவித்தல்’ என்று நாளிதழ்களே எழுதுகின்றன. ‘சுவையொளி ஊறோசை நாற்றம்’ என்ற குறளிலோ அதே சொல்லுக்குத் தொடுவுணர்வு என்று பொருள். தீங்கு, தொடுகை இரண்டும் ஒரு சொல்லுக்குள்! ஆக, ஊறேற்பு, அதைச் செய்யும் நரம்புமுனை ஊறேற்பி. ‘ஊறேற்பு முதல் நாட்பட்ட வலி வரை’. சொல்லிப் பார்த்தேன், நாக்கு தடுக்கவில்லை.

மறுமொழி:

ஐயா, ‘ஏற்பு’ மிக நன்று. ‘ஊறு’தான் உறுத்துகிறது. நீங்கள் பெருமையாகச் சொல்லும் இரட்டைப் பொருளே இடைஞ்சல். சீப்பு பட்டு வலிப்பதை விளக்கும்போது தொடுகையையும் தீங்கையும் பிரித்துக்காட்டியாக வேண்டும். அங்கே இரண்டையும் குறிக்கும் சொல் உதவாது. தவிர, எங்கள் பக்கத்தில் ‘ஊறல்’ என்றால் அரிப்பு. வலி ஆய்வாளர்கள் அரிப்பையும் ஆராய்கிறவர்கள், குழப்பம் உறுதி. ஊறுகாயைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. ‘தீங்கேற்பு’, ‘தீங்கேற்பி’ போதாதா?

மறுமொழி:

ஊறுகாயை எதிர்பார்த்தேன், ஊறலை எதிர்பார்க்கவில்லை. தொடுகை பற்றி நீங்கள் சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. குறளை விட மனம் வரவில்லை என்றாலும் கட்டுரையில் ‘தீங்கேற்பு’ என்றே மாற்றிவிட்டேன். அடுத்து ‘ஒற்றைத் தலைவலி’: இருபுறமும் வலிப்பவர்களுக்கு அதை என்னவென்று எழுதுவது? தனி இழையில் கேட்கிறேன்.