படிவம் 322: எந்தப் பள்ளி எண்ணைப் போடுவது?

அமெரிக்காவின் அரிசோனா மாநில டாக்ஸ் கிரெடிட் பற்றிய கேள்வி: அரசுப் பள்ளிக்குக் கொடுத்த பணத்தை மாநில வருமான வரியில் கழித்துக்கொள்ளும் படிவம்தான் 322. பதின்வயதுப் பெற்றோருக்கான பள்ளித் திட்டம் ஒன்றுக்கு 400 டாலர் கொடுத்தோம். தம்பதியாகத் தாக்கல் செய்வதால் உச்சவரம்பும் அதுவே. கட்டியது மார்ச்சில். ஏப்ரல் 15-க்குள் என்பதால் போன வருடக் கணக்கிலேயே காட்டுகிறோம்.

படிவம் 322 ஒன்பது இலக்கப் பள்ளி எண் கேட்கிறது. ரசீதில் உள்ள எண் 000 என்று முடிகிறது. அது பள்ளி மாவட்டத்தின் (பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பின்) எண், தனிப் பள்ளியுடையது அல்ல. மென்பொருள் ஏற்கவில்லை.

கல்வித்துறைப் பட்டியலில் தேடியாச்சு. திட்டத்துக்குத் தனி எண் இல்லை, ஒரு உயர்நிலைப் பள்ளிக்குள்தான் நடக்கிறது. பள்ளி அலுவலகத்தில் இருமுறை கேட்டும் ரசீதை மாற்றித் தரவில்லை. படிவம் 321 தொண்டு நிறுவனங்களுக்கானது, இதற்குப் பொருந்தாது. பணம் குழந்தைக் காப்பகத்துக்கு அல்ல, மாலை நேரப் பயிற்சி வகுப்புக்கு என்று ரசீதிலேயே இருக்கிறது. கைக்குழந்தையோடு படிப்பை விடாமல் வரும் பிள்ளைகள். அடுத்த வருடமும் கொடுத்தே ஆகணும்.

ரசீதைத் திருத்தி வாங்காமல், அந்த உயர்நிலைப் பள்ளியின் எண்ணைப் படிவத்தில் போடலாமா?