மலைச்சரிவு டிராக்டரின் கேபின்: ‘கவிழ்வுக்காப்பு’ என்னும் சொல்லுக்கு ஒரு முன்மொழிவு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மலைச்சரிவில் ஓடும் சிறிய டிராக்டருக்கான பயனர் கையேட்டைத் தமிழாக்கி வரும் நண்பர், ஓட்டுநரைச் சூழ்ந்துள்ள கேபினையும் அதனுள் இருக்கும் உருக்குச் சட்டகத்தையும் எப்படிக் குறிப்பது என்று கேட்டிருந்தார். இதுவரை வந்த மடல்களில் ‘ஓட்டுநர் அறை’, ‘கூண்டு’, ‘கவிழ்தடுப்பு’ ஆகிய மூன்று சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்றாக முன்வைக்கப்பட்டுள்ளன. அவற்றை ஒரே பொருளின் பெயர்களாகக் கொள்வது கையேட்டை நம்பி வண்டியில் ஏறுபவரின் உயிருக்கே கேடாக முடியலாம் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். டிராக்டரா, உழவு இயந்திரமா என்ற பழைய விவாதத்துக்குள் நான் போகவில்லை. தமிழகத்தார் மினி டிராக்டர் என்பதும் இலங்கையார் உழவு இயந்திரம் என்பதும் அப்படியே இருக்கட்டும்.

சிறிய டிராக்டரின் சக்கர இடைவெளி குறைவு. அதன்மேல் கண்ணாடியும் கதவும் கூரையும் குளிரூட்டியும் ஏறும்போது வண்டியின் எடை மையம் மேலே நகர்கிறது. ஆகவே சரிவில் குறுக்காக ஓட்டும்போது, கேபின் உள்ள வண்டி அது இல்லாத அதே வண்டியைவிடச் சற்று முன்னதாகவே சாயக்கூடும். ஆல்ப்ஸ் மலையின் செங்குத்தான புல்வெளிகளில் வைக்கோற்புல் அறுப்பதற்கென்றே சுவிட்சர்லாந்தின் ஏபி, ஆஸ்திரியாவின் ரிஃபார்ம் போன்ற நிறுவனங்கள் நான்கு சக்கரமும் ஒத்த அளவில், அகலமாகவும் தாழ்வாகவும் தனி வகை வண்டிகளைச் செய்வது இதனால்தான். பொதுவான சிறிய டிராக்டரை வைத்திருப்பவர் பின்சக்கரங்களை அகட்டி வைக்கிறார், டயருக்குள் நீர்மம் நிரப்புகிறார், முன்னால் பொருத்திய அள்ளுவாளியைத் தரையோடு தாழ்த்தியே ஓட்டுகிறார், குறுக்கே போகாமல் மேலும் கீழுமாகவே போகிறார். வண்டி கவிழாமல் பார்த்துக்கொள்பவை இவைதாம். கேபினுக்கு அந்த வேலை இல்லை. வண்டி கவிழ்ந்த பிறகு உள்ளே இருப்பவர் நசுங்காமல் காப்பதே அதன் சட்டகத்தின் வேலை. எனவே ‘கவிழ்தடுப்பு’ என்ற சொல்லை நான் முற்றாக மறுக்கிறேன். அதைப் படிப்பவர், இந்த வண்டி கவிழாது என்றே எடுத்துக்கொள்வார்.

கவிழ்வதிலும் இரண்டு வகை உண்டு. இரண்டுக்கும் நம்மிடம் நல்ல சொற்கள் இருக்கின்றன. பக்கவாட்டில் விழுவதைக் ‘குடை சாய்தல்’ என்று மாட்டுவண்டிக் காலத்திலிருந்தே சொல்லி வருகிறோம். மரத்துண்டை இழுக்கும் சங்கிலியை இழுவைக் கம்பியில் மாட்டாமல் அதற்கு மேலே எங்காவது மாட்டினாலோ, செங்குத்தான ஏற்றத்தில் கிளட்சைச் சட்டென்று விட்டாலோ, முன்சக்கரம் தூக்கி வண்டி பின்புறமாக விழும். அதை ‘மல்லாத்தல்’ எனலாம். வண்டி முழுவதும் மல்லாக்க ஏறத்தாழ ஒன்றரை வினாடி போதும். அதற்குள் எந்த ஓட்டுநராலும் குதித்துத் தப்ப முடியாது. கையேட்டில் இவ்விரண்டையும் பிரித்தே எழுத வேண்டும், ஏனென்றால் காரணமும் எச்சரிக்கையும் வேறுவேறு.

இந்தச் சட்டகம் செய்யும் வேலைக்குச் சுவீடனின் வரலாறு போதிய சான்று. புதிய டிராக்டர்களில் அது இருந்தே ஆகவேண்டும் என்று அந்நாடு 1959-இல் கட்டாயமாக்கியது. 1957-க்கும் 1990-க்கும் இடையில், ஒரு லட்சம் டிராக்டர்களுக்கு ஆண்டுக்கு 17 என்றிருந்த கவிழ்வு இறப்பு 0.3 ஆகக் குறைந்தது. சரிவும் மாறவில்லை, மனிதர்களின் அவசரமும் மாறியிருக்காது.

இந்தப் பொருளுக்கு என் முன்மொழிவு ‘கவிழ்வுக்காப்பு’. ‘காப்பு’ என்றாலும் தடுப்பதுதானே என்று ஒருவர் கேட்கலாம். விபத்துக் காப்பீடு விபத்தைத் தடுப்பதில்லை என்பதை எல்லோரும் அறிவர். ‘காப்பு’ என்னும் சொல் ஆளின் பக்கம் நிற்கிறது. இன்னும் சுருக்கமாகக் ‘கவிழ்காப்பு’ என்றால் என்ன என்றும் தோன்றும். ஆனால் ஊறுகாய், சுடுசோறு போல அதை வினைத்தொகையாகப் படித்தால் ‘கவிழ்கின்ற காப்பு’ என்று பொருள்பட்டுவிடும். இரண்டு எழுத்து கூடினாலும் தெளிவே முக்கியம். இதனோடு ‘சட்டம்’ என்பதைச் சேர்க்காமல் ‘சட்டகம்’ என்பதைச் சேர்க்கவேண்டும். இல்லாவிட்டால் சுவீடன் இயற்றிய சட்டத்தைப் பற்றிப் பேசுகிறோமோ என்ற மயக்கம் வரும்.

இனி வகைப்படுத்தல். இருக்கைக்குப் பின்னால் நிற்கும் இரட்டைக்கால் வளைவு ‘கவிழ்வுக்காப்பு வளைவு’. சட்டகத்தோடு கட்டப்பட்டு, சோதனையில் தேறிய கேபின் ‘கவிழ்வுக்காப்புக் கேபின்’. மழைக்கும் குளிருக்கும் பின்னர் வாங்கி மாட்டிக்கொள்ளும் துணி அல்லது தகரக் கூடு வெறும் ‘மறைப்புக் கேபின்’. அதனால் கவிழ்வில் எந்தப் பயனும் இல்லை. ‘ஓட்டுநர் அறை’ லாரிக்குப் பொருந்தும், ஆனால் இங்கே இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. ‘கூண்டு’ என்பதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. கேபின் என்ற சொல் ஏற்கெனவே ஓட்டுநர்களின் வாயில் இருப்பதால் அதை விரட்ட வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

வளைவைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். பழத்தோட்டத்தில் கிளைகளுக்கு அடியில் போகவும் தாழ்வான கொட்டகைக்குள் நுழையவும் வளைவை நிமிர்த்திப் பிடிக்கும் இரண்டு பக்கத்து முளையாணிகளையும் உருவி, அதைப் பின்னால் மடக்குவார்கள். வெளியே வந்ததும் நிமிர்த்த மறந்துவிடுவார்கள். மடக்கிய வளைவு காப்பு ஆகாது. வளைவு நிமிர்ந்திருக்கும்போது இருக்கைப்பட்டி கட்டாயம். மடங்கியிருக்கும்போது பட்டி போடக்கூடாது, போட்டால் ஆள் வண்டியோடு சேர்ந்தே நசுங்குவார். ஆகவே ‘மடக்கிய கவிழ்வுக்காப்பு’ என்று ஓரிடத்திலும் எழுதாமல் ‘மடக்கிய வளைவு’ என்றே எழுதும்படி நண்பரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னும் ஒரு சொல் பாக்கி. வண்டி கவிழ்ந்து சட்டகம் நெளிந்தாலும், ஓட்டுநரின் உடலைச் சுற்றி எந்த இரும்பும் புகாமல் எஞ்ச வேண்டிய இடத்தைச் சோதனை விதிகள் தனியே வரையறுக்கின்றன. ‘உயிர்வெளி’ என்று எழுதிப் பார்த்தேன். உயிரியல் சொல்லோடு குழம்புமோ என்ற தயக்கம் இருக்கிறது. ‘நசுங்கா வெளி’ பொருளைச் சரியாகத் தருகிறது. இவற்றில் எது கையேட்டுக்கு ஏற்றது என்பதை, பொறிகளோடு பழகிய உறுப்பினர்கள் எழுதவேண்டும்.