சைகோமற்றிக்: நுகவென்பா, சொக்கை எலும்பா?

வணக்கம்.
முகவெட்டுப் பற்றிய கட்டுரையில் சைகோமற்றிக் (zygomatic) எலும்புக்குத் தமிழ்க் கலைச்சொல்லாக வெறும் "கன்ன எலும்பு" என்று விட்டிருக்கிறோம். கிரேக்க மூலம் மாடு பூட்டும் நுகத்தைக் குறிப்பது. நுதல் (நெற்றி), பொட்டு (காதுக்கு மேலே), ஆப்பு (கண்குழியின் பின்னே), மேற்றாடை என நாலு எலும்புகளோடு பொருந்தி நிற்பது அது. "நுகவென்பு" என்று முன்மொழிகிறேன்.
— கிளிநொச்சி

> நுகவென்பு
அண்ணை, லான்ட்மாஸ்டர் உழவு மிசின் வந்தபிறகு வன்னியிலை நுகம் கண்ட பிள்ளையள் எத்தனை பேர்? மோட்டார்சைக்கிளாலை விழுந்து வாறவருக்குச் "சொக்கை எலும்பு" எண்டால் உடனே விளங்கும்.
— முல்லைத்தீவு

> சொக்கை எலும்பு
சொக்கை சதை அல்லவா? ஆள் கொழுத்தால் சொக்கை வைக்கும், எலும்பு அசையாது. "எடுப்பான கன்னம்" என்பதில் இரண்டுக்கும் பங்குண்டு: எலும்பு வெளியே தள்ளி நிற்கவேண்டும், அதன்கீழ் சதை மெலிந்து நிழல் விழவேண்டும். இந்த வேறுபாட்டைக் காட்டாத சொல் கட்டுரைக்கு உதவாது.

விரலை வைத்துப் பாருங்கள். கண்ணின் வெளிமூலைக்குக் கீழே தட்டுப்படும் மேடு எலும்பின் உடல். அங்கிருந்து காதை நோக்கித் தடவினால், காதுத் துவாரத்துக்குச் சற்று முன்வரை ஒரு மெல்லிய பாலம் ஓடும். அதன் முன்துண்டு கன்ன எலும்பினுடையது, பின்துண்டு பொட்டெலும்பினுடையது. இரண்டையும் பிணைக்கிற அந்தப் பாலத்துக்குத்தான் நுகம் பொருந்தும்: "நுகவளைவு". எலும்புக்குக் "கன்னவென்பு" இருக்கட்டும்.

முக அகலம் அளப்பதும் நுகவளைவில்தான். இருபக்கமும் மிக வெளியே நிற்கும் புள்ளிகளில், வளைந்த கால் உள்ள காலிப்பரை எலும்பு தட்டுப்படும்வரை மெல்ல அழுத்தவேண்டும். போன் படத்தில் அளப்பவர்களுக்கு இரண்டு பிழை வரும். கைநீளத்தில் எடுத்தால் மூக்குப் பெருத்துக் காதுப்பக்கம் ஒடுங்கும். தலை குனிந்தாலும் நிமிர்ந்தாலும் முக உயரம் குறுகி, அகலம்–உயரம் விகிதம் கூடிவிடும். அதற்குத்தான் 1880களில் பிராங்க்ஃபர்ட்டில் ஒரு தளம் வகுத்தார்கள்: கண்குழியின் கீழ்விளிம்பும் காதுத் துவாரத்தின் மேல்விளிம்பும் ஒரே கிடைமட்டத்தில். "பிராங்க்ஃபர்ட் தளம்" என்று ஊர்ப்பெயரை ஏன் சுமப்பான்? "செவிக்கண் மட்டம்" என்றால் மேசனுக்கும் விளங்கும்.
— வவுனியா

நுகவளைவு, செவிக்கண் மட்டம் இரண்டுக்கும் சம்மதம். அடுத்தது கீழ்த்தாடையின் பின்மூலைக் கோணம்; வளர்ந்தவர்களில் ஏறத்தாழ 120–130 பாகை. கோணம் குறைந்தால் மூலை சதுரித்துத் தெரியும், கூடினால் தாடை சரிந்து இறங்கும். "தாடைக்கோணம்" என்றால் எந்தத் தாடை என்று கேட்பார்கள். "கொடுப்புக்கோணம்"?
— கிளிநொச்சி

கொடுப்புக்குள்ளை சிரிக்கிறது வாயின் உட்பக்கமெல்லோ, அண்ணை? ஆனாலும் கொடுப்புப்பல்லுக்குப் பின்னாலைதான் அந்த மூலையும் கிடக்குது. எழுதுங்கோ.
— முல்லைத்தீவு