'தள்ளல்' வேண்டாம், 'உந்தல்' எனலாம்

வணக்கம்.

உடற்பயிற்சிச் செயலிகளில் காலடிக்கு நிகராகச் சக்கர நாற்காலியில் எண்ணப்படும் அலகுக்கு (ஆங்கிலத்தில் push), நாம் தொகுத்துவரும் கலைச்சொல் பட்டியலில் 'தள்ளல்' என்ற சொல் முன்மொழியப்பட்டுள்ளது. எளிய சொல்தான், ஆயினும் எனக்கு அதில் ஓர் உறுத்தல் உண்டு. 'சக்கர நாற்காலியைத் தள்ளுகிறார்' என்று தமிழில் சொன்னால், பின்னால் நின்று கைப்பிடியைப் பற்றியிருக்கும் இன்னொருவரே மனக்கண்ணில் தோன்றுகிறார். எண்ணப்படுவதோ, அமர்ந்திருப்பவர் சக்கரத்தை ஒட்டியுள்ள வளையத்தை இரு கைகளாலும் பற்றி, முன்னோக்கிச் செலுத்தி, விடுவித்து, மீண்டும் கையைப் பின்னுக்குக் கொண்டுவரும் முழுச் சுழற்சி. உழைப்பவரை மறைத்துவிடும் ஒரு பெயர் அவருடைய கைக்கடிகாரத்திலேயே இருப்பது முறையன்று.

ஆகவே 'உந்தல்' என்பதை முன்வைக்கிறேன். உந்துவிசை, உந்தம் என அறிவியல் பாடத்தில் பழகிய வேர்ச்சொல் அது. 'உந்து' என்று சுருக்கினால் பேருந்தும் மகிழுந்தும் குறுக்கிடும். 'கையுந்து' என்றால் கையுந்து பந்தாட்டம் நினைவுக்கு வரும். துடுப்பு வலித்தலை ஒட்டி 'வலிப்பு' எனலாமா என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தது நயமான யோசனை. ஆனால், 'இன்று 2,000 வலிப்பு' என்று உடல்நலச் செயலி காட்டினால் பயனர் மருத்துவரிடம்தான் ஓடுவார்.

2016-இல் வெளிவந்த, தன் கைக்கடிகாரத்துக்கான இயங்குதளமாகிய வாட்ச்ஓஎஸ் 3-இல் ஆப்பிள் நிறுவனம், சக்கர நாற்காலியைப் பயன்படுத்துவோருக்குக் காலடிக்குப் பதிலாக உந்தல்களை எண்ணத் தொடங்கியதுடன், எழுந்து நிற்கச் சொல்லும் நினைவூட்டலையும் நாற்காலியை உருட்டச் சொல்வதாக மாற்றியது. அதை 'உருளும் நேரம்' என்று தமிழாக்கினால் ஆளே தரையில் உருள்வதாகிவிடும். 'சற்று நகரலாமே' போதும்.

சொல்லைவிட எனக்குக் கவலை தருவது அதனோடு ஒட்டிக்கொண்டு வரும் 'இலக்கு'. நாளொன்றுக்கு 10,000 காலடி என்னும் வழக்கு, 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, 'பத்தாயிரம் காலடி அளவி' என்று பொருள்படும் பெயருடைய ஒரு கருவியிலிருந்து பரவியது. கூடக்கூட நன்று என்ற அந்தக் கணக்கு உந்தலுக்குப் பொருந்தாது. நடப்பதற்கென்று அமைந்த கால்களைப் போலத் தோள்மூட்டு நாள்முழுதும் உடலைச் சுமந்து செல்வதற்கு அமைந்ததன்று. நாற்காலியைக் கையால் இயக்குவோரிடம் தோள்வலி மிகப் பரவலாகக் காணப்படுவதால்தான், நீண்ட, சீரான வீச்சுகளைப் பழகி, உந்தும் தடவைகளைக் குறைக்குமாறு மறுவாழ்வு மருத்துவ வழிகாட்டுதல்கள் அறிவுறுத்துகின்றன. ஒரே தொலைவை ஒருவர் 400 உந்தல்களிலும் மற்றவர் 600 உந்தல்களிலும் கடந்தால், இரண்டாமவருக்கு மட்டும் பாராட்டுப் பதக்கம் அளிக்கும் செயலி, தோளைத் தேய்த்துக்கொள்ளக் கற்றுக்கொடுக்கிறது. எனவே 'உந்தல் எண்ணிக்கை' என்பதோடு, ஓர் உந்தலில் நாற்காலி கடக்கும் தொலைவைக் குறிக்க 'உந்தல் நீளம்' என்ற இணைச்சொல்லையும் இப்போதே சேர்த்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

மின்விசை நாற்காலியில் உந்தலே இல்லை என்பதால், செயலியின் அமைப்புப் பக்கத்தில் 'கைவிசை நாற்காலி', 'மின்விசை நாற்காலி' என்ற இரு தெரிவுகள் தேவைப்படும்.

சக்கரத்தை ஒட்டிய வளையத்துக்குப் பட்டியலில் 'கைவளையம்' என்றிருக்கிறது. அது வளையலை நினைவூட்டுவதால் 'பிடிவளையம்' என்று மாற்றலாம். மறுப்பிருந்தால் தெரிவியுங்கள்.