கடலோர வீட்டு கேட்: பெயின்ட் அடித்தும் துரு ஏறுவது ஏன்?

வேம்பார்க்காரன்:
கடல் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். தை மாதம் இரும்பு கேட்டுக்கு ரெட் ஆக்சைடு ஒரு கோட், எனாமல் இரண்டு கோட் அடித்தோம். ஆவணி பிறப்பதற்குள் வெல்டிங் வைத்த இடமெல்லாம் கொப்புளம். நகத்தால் நெம்பினால் அப்பளம்போல் கழன்று வருகிறது; உள்ளே ஈரமாகச் செந்தூள். அப்பா ஆசையாகச் செய்து மாட்டிய கேட். எடைக்குப் போட மனமில்லை. என்ன செய்யலாம்?

கப்பல்தளப் பெயின்டர்:
தம்பி, கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் 22 ஆண்டுகள் பெயின்ட் அடித்தவன் நான். பெயின்ட்டுக்கு அடியில் உப்பு உட்கார்ந்திருக்கிறது. உப்பு ஈரத்தை இழுக்கும். பெயின்ட் படலத்தின் வழியாகவே நீர் ஊடுருவிக் கொப்புளம் எழும்பும்.

முதலில் நல்ல தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள். கழுவாமல் கிரைண்டர் பிடித்தால் உப்பை இரும்பிலேயே தேய்த்துவிடுவீர்கள். காய்ந்தபின் வெல்டிங் கசடைத் தட்டி, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். அன்றே, கடற்காற்று ஏறுவதற்குள், துத்தநாகம் மிகுந்த எபாக்சி பிரைமர் (பிசின் வகை அடிப்பூச்சு) அடியுங்கள். பழைய பெயின்ட்டின்மேல் அடித்தால் வீண். துத்தநாகம் இரும்பைத் தொட வேண்டும். அப்போதுதான் கீறல் விழுந்த இடத்தில் இரும்புக்கு முன்னால் அது அரிபடும்.

விளிம்புகளுக்கும் வெல்டிங் கோடுகளுக்கும் பிரஷால் தனியாக ஒரு கோட் கொடுங்கள். கூர்மையான விளிம்பில் பெயின்ட் தங்காது, ஒதுங்கி மெலிந்துவிடும். துரு அங்கேதான் தொடங்கும். அதன்மேல் எபாக்சி, கடைசியாக வெயில் தாங்கும் பாலியூரித்தேன் மேல்பூச்சு. எபாக்சியை வெயிலில் வெறுமனே விட்டால் சுண்ணாம்பாகப் பொடியும். 2025இல் திறந்த பாம்பன் புதிய ரயில் பாலத்துக்கும் துருவைத் தடுக்கும் பாலிசிலோக்சேன் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். உப்புக்காற்றை லேசாக எண்ணாதீர்கள்.

பட்டறைக்காரர்:
அண்ணன் சொல்வது சரி. புதிதாகச் செய்பவர்களுக்கு ஒன்று: ஜி.ஐ. குழாயை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) வெட்டி வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும். கேட்டை முழுதாகச் செய்து முடித்தபின், 450 டிகிரி செல்சியஸ் அளவில் உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுப்பதே உத்தமம். குழாய்களில் காற்றுத் துளை கட்டாயம். அடைபட்ட ஈரம் நீராவியாகி வெடிக்கும்.

கப்பல்தளப் பெயின்டர்:
துளை என்றதும் நினைவு வந்தது. தம்பி, உங்கள் கேட்டின் கீழ்க்குழாயில் தண்ணீர் வடிய வழி இருக்கிறதா?

வேம்பார்க்காரன்:
இல்லை ஐயா. இன்று காலை மூலையில் துளை போட்டேன். அரை டம்ளர் கறுப்புத் தண்ணீர் வடிந்தது. நாளை முதல் கழுவத் தொடங்குகிறேன்.